கந்தம்மாளின் புறங்கை

செண்பகனூர் வார்ப்புப் பட்டறையில் கந்தம்மாளும் நானும் ஒன்பது வருசம் சேர்ந்து மண் சலித்தோம். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நல்லையாவை விட்டுவிட்டு அவள் கதையைச் சொல்ல முடியாது.

சலித்த மண்ணில் களிமண்ணும் வெல்லக்கழிவும் பிசைந்து கொடுப்பது எங்கள் சோலி. அதை மரப்பெட்டிக்குள் இடித்து, மரத்தில் செய்த சக்கரத்தைப் பதித்து எடுத்தால் அச்சு. கரியடுப்பின் அனலில் காயவைத்து, உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்துவிட வேண்டியதுதான். காப்பித் தோட்டத்து மெஷின்களுக்கெல்லாம் அப்படித்தான் சக்கரம் போனது.

எங்கள் மலைப் பனியில் காய்ந்த அச்சும் அரைமணியில் ஈரம் கோத்துவிடும். ஈர அச்சில் இரும்பு விழுந்தால் சக்கரத்தில் பொத்தல் விழும்; ஈரம் மிஞ்சினால் வெடித்துத் தெறிக்கும். அதனால் ஊற்றும் முன் கந்தம்மாள் புறங்கையை உள்ளே வைத்துப் பார்ப்பாள். ஈரமிருந்தால் சொல்வாள். பேசாமல் தள்ளி நின்றால் நல்லையா ஊற்றுவான். அவன் சிலோன் தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் இரும்பு ஊற்றிப் பழகி, எழுபத்துநாலில் கப்பலேறி வந்தவன். கரண்டி பிடித்தால் கை நடுங்காது. அந்தப் பெருமையும் அவனுக்குக் கொஞ்சம் அதிகம்.

எழுபத்தொன்பது கார்த்திகையில் தோட்டத்து மேனேஜர் ஒருவர் வந்து, "எப்படிய்யா ஒரு பொத்தல் இல்லாம வருது?" என்று கேட்டார்.

"அச்சு காஞ்சிருக்கான்னு நான் பாத்துத்தான் ஊத்துவேன் தொரை" என்றான் நல்லையா.

கந்தம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். "ஏடி ஜோசப்பினு, அவரு பாப்பாராம்ல" என்று நாள் முழுக்கப் பொருமினாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மறுநாள் வெள்ளனே புறங்கையை வைத்துப் பார்த்தாள். தள்ளி நின்றாள். அவன் ஊற்றினான்.

அச்சு வெடித்துத் தெறித்ததில் அவனுக்கு இடது கண் போய்விட்டது. கந்தம்மாள் கை தப்பாது என்று முதலாளிக்குத் தெரியும். அதனால் ஊற்றியவன்மேல்தான் குற்றம் என்று நல்லையாவை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்.

"ஈரமாத்தான்டி இருந்துச்சு" என்று அவனை நிறுத்திய அன்று சாயங்காலம் என்னிடம் அழுதாள். "சக்கரத்துல பொத்தல் விழும், அவன் மூக்கு ஒடையும்னு நெனச்சேன். கண்ணு போவும்னு நெனைக்கலடி."

ஓங்கி ஓர் அறை விடலாமா என்றிருந்தது எனக்கு. "எங்கிட்ட எதுக்குச் சொல்லுற? அவன்ட்ட போய்ச் சொல்லு" என்று அவளை அவன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கட்டுப்போட்ட முகத்தோடு எழுந்து உட்கார்ந்தான் நல்லையா. "கந்தம்மாக்கா, எந்நேரமும் இதே நெனப்புத்தான். நீங்க ஒண்ணும் சொல்லலயேன்னுதான் ஊத்துனேன். அச்சு காஞ்சுதான இருந்துச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "காஞ்சுதான் இருந்துச்சு தம்பி."

"அப்ப என் கைதான் தப்பு" என்றான் அவன்.

அதற்குப் பிறகு தோட்டக்கூலிக்குப் போனான். கந்தம்மாள் எண்பத்துநாலில் காய்ச்சலில் செத்துப்போனாள், கடைசிவரை சொல்லவில்லை. மறுவருசம் புது முதலாளி அவனைச் சந்தையில் பார்த்து, ஒரு கண் போதும், ஊற்ற வா என்று கூப்பிட்டார்.

"கண்ணால இல்லீங்க, என் கைதான் சரியில்ல. இன்னொருத்தருக்கு இப்பிடி ஆயிரக்கூடாது" என்றான்.

நான் அவனுக்குப் பின்னால்தான் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். செத்தவள் பேரைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வீட்டுக்கு நடந்தேன்.