வேல் போட்ட முறுக்குப் பாக்கெட்

அண்ணி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, ரெம்பியா ஊரில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே கைமுறுக்கு சுற்றி விற்கப்போவதாகச் சொன்னபோது, லோகோ வரைகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதுதானே என் பிழைப்பு. சொந்தக்காரர்களுக்கு வரைவது போலத் தொல்லை வேறில்லை. ஆனாலும் அண்ணி கேட்டால் எனக்கு மறுக்க வராது.

லேப்டாப்பைத் திறந்து விளக்கினேன். வெறும் எழுத்து போடலாம். படமும் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், வேண்டும்போது பிரித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் முத்திரை மாதிரி படத்துக்குள்ளேயே பெயரைப் பின்னிவிடலாம், பிறகு பிரிக்க முடியாது.

"பிரிக்க முடியாததே போடு, நானும் உங்கண்ணனும் மாதிரி. உள்ள வேல் இருக்கணும்" என்றார் அண்ணி.

அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முறுக்குக்கு எதுக்கு லா வேல்? குத்தித் திங்கவா?"

வரைந்தேன். வேலின் அகன்ற இலைக்குள் பெயர் வளைந்து உட்கார்ந்தது. எனக்கே கர்வம் தாங்கவில்லை.

பாக்கெட்டுகளைத் தெங்கேரா ஊரில் ஒரு கடையில் கொடுத்தோம்; கடைக்கார அக்கா முதல் தடவை எல்லாவற்றையும் விற்றுவிட்டார். அடுத்த தடவை பாதி திரும்பி வந்தது. அண்ணியோடு போய்க் கேட்டேன்.

"முறுக்கு நல்லாதான் இருக்கு லா. ஆனா வேல் போட்ட பிளாஸ்டிக்க எப்படிமா குப்பைல போடறது? நானே கழுவிக் காயவெச்சு சாமி மேடைக்குக் கீழ அடுக்கியிருக்கேன். வர்றவங்களும் அதேதான் சொல்றாங்க. வாங்கவே யோசிக்கிறாங்க."

அடக் கடவுளே! எங்கள் வீட்டிலும்தான் பழைய சாமி காலண்டர்கள் தூக்கிப்போட மனமில்லாமல் அலமாரிக்குப் பின்னால் கிடக்கின்றன. அண்ணிக்கும் எனக்கும் இது முன்பே தோன்றவில்லை.

திரும்பும் வழியில் கார் ரெம்பியாவை நெருங்கும்போது, "ஆபீஸ் வேலைய விட்டிருக்கக் கூடாதோ?" என்றார் அண்ணி.

வேல் படத்தை மட்டும் எடுத்தால் பெயரும் கலைந்துவிடும். புதிதாகத்தான் வரைய வேண்டும். அண்ணி முறுக்கு சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். மாவை முறுக்கி வளையமாக விடும் அந்த விரல்களையே படமாக்கி, பெயரைத் தனியாகக் கீழே வைத்தேன்.

அண்ணிக்குக் கூச்சம். "ச்சீ, என் கையா? சரி, குப்பைல போட்டா போட்டுட்டுப் போறாங்க. தின்னு முடிச்சிட்டுத்தானே போடுவாங்க!"

இந்த முறை தெங்கேராவிலிருந்து ஒரு பாக்கெட்கூடத் திரும்பவில்லை. அக்கா இன்னும் அனுப்பச் சொன்னார்.

அன்று மாலை அண்ணன் காலிப் பாக்கெட்டோடு குப்பைத்தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க நிக்கிறீங்க? போடுங்க" என்றார் அண்ணி.

"ஊர்ல எல்லாரும் போடலாம். நான் எப்படிப் போடறது? உன் கைதானே இது."