நியாலாஸுக்குக் காரில் போன காணொளி

மலாக்காவைப் பற்றி எழுதச் சொல்லி எனக்கு வரும் செய்திகளில் முக்கால்வாசி, சிவப்புக் கட்டடங்களுக்கு முன்னால் கூட்டமில்லாமல் படம் எடுக்க எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்பவை. அதை எழுத ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இந்த முறை போனது வேறு காரணத்துக்காக. கல்லூரித் தோழன் ரூபன் மலாக்கா நகரை ஒட்டிய தெங்கேராவில் இருக்கிறான். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்குக் காணொளிப் பாடங்களைக் கொண்டு சேர்க்கும் ஒரு சிறிய தன்னார்வக் குழுவுக்கு இணைய வேலைகளைச் செய்து கொடுப்பவன். "விஜயதசமி அன்னிக்கு நியாலாஸ் பக்கம் ஒரு ஸ்கூல்ல மொத தடவையா பாடம் ஓடப் போவுது, வந்து பாரு லா" என்று கூப்பிட்டான். படம் ஓடுவதைப் பார்க்கவா ஷா ஆலமிலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டர் வர வேண்டும் என்று அவனைக் கிண்டல் செய்துவிட்டு, அன்றே விடுப்புக்கும் எழுதிக் கொடுத்தேன்.

சரஸ்வதி பூஜையன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பி, ஐந்தரைக்கெல்லாம் தெங்கேராவில் இருந்தேன். நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லை. ரூபனின் வீடு பழைய கடைவரிசைக்குப் பின்னால், வாசல் ஒடுக்கமாகவும் உள்ளே ரயில்பெட்டி போல் நீளமாகவும் இருக்கும். யாழ்ப்பாண வழிக் கிறித்தவக் குடும்பம். அவன் அம்மா மீன் சொதி வைத்திருந்தார். நான் அன்று சைவம் என்றதும் முகம் வாடி, இரண்டு முட்டையை எடுத்தார். முட்டையும் கூடாது என்று தெரிந்ததும் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

சாப்பாட்டு மேசையில்தான் ரூபன் தன் வேலையை விளக்கினான். இதற்குத் தமிழில் உள்ளடக்க விநியோக வலையமைப்பு என்று பெயராம். சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். இணையம் என்றால் எல்லாம் வானத்தில் எங்கோ மிதக்கிறது என்று நம்பியவள் நான். அப்படியில்லையாம். ஒவ்வொரு காணொளியும் உலகத்தில் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கணினியில் உட்கார்ந்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை ஒன்று அதைக் கேட்டால் அங்கிருந்து கிளம்பி வர வேண்டும். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வரும் மெலிந்த லைனில் அது பாதி வழியில் மூச்சு வாங்கும். ஒரே அடுப்பில் இட்லி சுட்டு, நாடு முழுக்க ஒவ்வொன்றாக அனுப்புகிற கதை. அதனால் நகரத்தில் ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து, யாரும் லைனைப் பயன்படுத்தாத இரவு நேரத்தில், பள்ளியிலேயே இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குள் பாடங்கள் வந்து இறங்கிவிடும். காலையில் பிள்ளைகள் கேட்கும்போது பக்கத்து அறையிலிருந்து வந்துவிடும். பெட்டி ஒரு பிரெட் பாக்கெட் அளவுதான் என்றான். எனக்கு அப்போதே கொஞ்சம் ஆச்சரியமாகிவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை.

நியாலாஸ் பள்ளிக்குப் பெட்டி போன வாரம்தான் போயிருந்தது. அந்த இரவுதான் முதன்முதலாக அது நிரம்ப வேண்டிய இரவு.

மறுநாள் காலை ஏழேகாலுக்குக் கிளம்பினோம். முதலில் சுங்கை ரம்பாய், தெற்கே ஜொகூர் எல்லையோரம், தெங்கேராவிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். வழியில் மெர்லிமாவில் ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய், நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ. இருவருக்கும் சேர்த்துப் பத்து வெள்ளி. சாம்பார் தண்ணீராக இருந்தாலும் ரொட்டி நன்றாக இருந்தது. சுங்கை ரம்பாய் பள்ளியில் பெட்டி ஓராண்டாக ஓடுகிறது. சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு நியாலாஸ் போவதாகத் திட்டம்.

அங்கே பெட்டி சுவரில் உயரத்தில் திருகி மாட்டப்பட்டிருந்தது. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப் பூ. பக்கத்தில் நின்ற ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "இது கீழ எறங்க மாட்டேங்குது. அதனால தட்ட தூக்கிட்டு நாங்களே ஏணி ஏறிட்டோம்" என்றார். ரூபனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தவனின் முகம் மாறியது. நியாலாஸ் பெட்டியிலிருந்து முந்தைய நாள் மாலை முதல் ஒரு தகவலும் இல்லை.

நியாலாஸ் பள்ளித் தலைமையாசிரியை புஷ்பா டீச்சரைப் போனில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டான்.

"டீச்சர், பெட்டியில லைட்டு எரியுதா?"

"பெட்டி பூஜையில இருக்கு தம்பி. நேத்து சாயங்காலமே வயர கழட்டி, நல்லா தொடச்சி, பொட்டு வெச்சி, புஸ்தகத்துக்கு மேல வெச்சிட்டோம். பிள்ளைங்க படிக்கிற சாமான்தானே."

ரூபன் என்னைப் பார்த்தான். அவன் வீட்டில் சரஸ்வதி பூஜை கிடையாது; படிக்கிற பொருள்களையெல்லாம் அன்று பூஜையில் வைத்துவிட்டு மறுநாள்வரை யாரும் தொடமாட்டார்கள் என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை. எனக்குத் தோன்றியிருக்கலாம், யாரும் என்னைக் கேட்கவில்லை. வயரைக் கழற்றியதால் இரவு ஒரு பாடமும் பெட்டிக்குள் இறங்கவில்லை என்பது புரிந்தபோது டீச்சரின் குரல் இறங்கியது. "தம்பி, இன்னிக்கு திலகா வருது. நான் சொல்லியிருக்கேன்ல."

திலகாவின் மகள் யாழினி அந்தப் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். டவுனில் மலாய்ப்பள்ளிக்குப் போகும் அத்தை மகன், தன் வகுப்பில் சுவர் அளவுக்குப் படம் காட்டுகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி அவளை ஏங்கவைத்திருக்கிறான். திலகா டீச்சரிடம் நேராகவே பேசிவிட்டார்: வந்து பார்க்கிறேன், இங்கேயும் நடந்தால் பிள்ளை இருக்கட்டும், இல்லையென்றால் அடுத்த ஆண்டு டவுனுக்கு மாற்றிவிடுவேன். அந்த வகுப்பில் இருப்பது மூன்றே பிள்ளைகள். ஒன்று போனால் மிச்ச இரண்டையும் ஐந்தாம் ஆண்டோடு சேர்த்து உட்கார வைக்க வேண்டியதுதான்.

பகலில் அந்த லைனில் பாடங்களை இறக்குவது நடக்காத காரியம். ரூபன் ஒரு நிமிடம் நகத்தைக் கடித்தான். பிறகு காரிலிருந்து ஒரு வன்தட்டை எடுத்து வந்து, ஏணியில் ஏறி, பூவை நகர்த்திவிட்டு, சுங்கை ரம்பாய் பெட்டியில் செருகினான். அங்கே இருக்கும் அதே பாடங்களைப் பிரதியெடுத்து, நாங்களே கொண்டுபோய்க் கொடுப்பது. வலையமைப்பு இனி என் கார்தான் என்று அவன் சொன்னதும், நான்கு வருடப் பழைய என் வண்டியின் மேல் எனக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது.

ஒன்பது இருபதுக்குப் புறப்பட்டோம். மெர்லிமாவ், ஜாசின் வழியாக நியாலாஸ், ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர். வன்தட்டை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு குழி வரும்போதெல்லாம் ரூபன் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். ஜாசினைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைதான். தோட்டப் பாதையில் குலை ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, "எங்கம்மா இவ்ளோ அவசரமா?" என்றார். பள்ளிக்கூடத்துக்கு என்றேன். வேறொன்றும் கேட்காமல், அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்பம்வரை பின்னாலேயே எடுத்துக்கொண்டு போய் வழிவிட்டார். நான் நகரத்தில் கார் ஓட்டும் லட்சணத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

பத்தரைக்குச் சேர்ந்தோம். திலகா கம்பெனிச் சீருடையில், வகுப்பறை வாசலில் உட்கார்ந்திருந்தார். ஜாசினில் தொழிற்சாலை வேலை. பன்னிரண்டு மணிக்கு முச்சந்தியில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எங்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ரூபன் நேரே பூஜை மேசைக்குப் போய்ப் பெட்டியில் கை வைக்கப் போனான்.

"தம்பி, சாமிகிட்ட வெச்சத சும்மா தூக்கக்கூடாது. மறுபூஜை ஆவட்டும்" என்றார் புஷ்பா டீச்சர். குரல் மென்மையாகத்தான் இருந்தது, ஆனால் பேச்சுக்கு இடமில்லை.

கற்பூரம் காட்டி, பிள்ளைகள் பாடி, ஒவ்வொருவரும் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுதி முடிக்க இருபது நிமிடம். ரூபன் கைகட்டி நின்றான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மடிக்கணினியிலிருந்தே நேராகச் சுவரில் காட்டிவிடலாமே என்று டீச்சரின் காதில் சொன்னேன்.

"அது ஒரு நாள் கூத்துமா. நீங்க காரெடுத்துட்டு போன பெறகு ஓடணும். திலகா அதத்தான் பாக்க வந்திருக்கு. பெட்டியிலேர்ந்தே வரட்டும், வரலன்னா வரலன்னு தெரியட்டும்."

அந்த நிமிடத்திலிருந்து எனக்கு டீச்சர் மேல் பெரிய மதிப்பு.

பாடங்கள் பெட்டிக்குள் ஏறி முடிந்தபோது மணி பதினொன்று இருபது. சன்னல்களில் கெட்டித் துணியைக் கட்டி இருட்டாக்கினார்கள். சுவரைப் பார்த்து வைத்திருந்த புரொஜெக்டரோடு இணைத்த கைக்கணினியில் யாழினி ஒரு படத்தைத் தொட்டாள். சுற்றும் வட்டத்துக்காகக் காத்திருந்தேன், வட்டமே வரவில்லை. தொட்ட விரலை எடுப்பதற்குள் சுவர் முழுவதும் மஞ்சள்.

செம்பனையின் ஆண்பூ அது. அந்தப் பூவுக்குள்ளிருந்து ஒரு கூன்வண்டு வெளியே வந்தது. நிஜத்தில் அரிசி மணியைவிடச் சின்னது, சுவரில் மாட்டைவிடப் பெரியது. முதுகில் மகரந்தம் தூள் தூளாக ஒட்டியிருப்பது தெரிந்தது. கால் ஊன்றும் சத்தம்கூடக் கேட்டது. தமிழில் ஒரு குரல் சொல்லிக்கொண்டு போனது: இந்த வண்டுதான் பூவுக்குப் பூ போய்க் காய்க்கவைக்கிறது, ஆப்பிரிக்காவிலிருந்து இதைக் கொண்டுவருவதற்கு முன்னால், நம் தோட்டங்களில் மனிதர்களே ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தூவினார்கள்.

"எங்கம்மா செஞ்ச வேல அது" என்று பின்னாலிருந்து திலகாவின் குரல் வந்தது. யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் சுவரை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சன்னலுக்கு வெளியே பத்தடியில் செம்பனை நிற்கிறது, அதில் அந்த வண்டு இருக்கிறது. இத்தனை நாளும் அங்கேயே இருந்த ஒன்றை, எந்த நாட்டுக் கணினியிலிருந்தோ கிளம்பி, நகரம் வந்து, பெட்டியில் தங்கி, என் கார் ஏறி வந்த ஒரு படம் காட்டிக் கொடுக்கிறது. நான் எத்தனையோ மலையும் அருவியும் பார்த்து எழுதியிருக்கிறேன். அந்த இருட்டு வகுப்பறையில் வாய் திறந்து நின்றதுபோல் எங்கும் நின்றதில்லை.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். சொந்த வண்டி வேண்டும். பேருந்தை நம்பினால் பொழுது போய்விடும். ஜாசினிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டு நாளுக்கும் அறுபது வெள்ளி ஆனது. வழிகாட்டும் செயலியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், தோட்டத்துக்குள் சிக்னல் அறுந்துவிடும். குலை லாரி வந்தால் நீங்கள் ஒதுங்குங்கள், அவர்கள்தான் வேலையில் இருப்பவர்கள். பள்ளிக்குள் போவதென்றால் முன்னதாகவே தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள், பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். கையில் பழைய வன்தட்டு சும்மா கிடந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள், பிஸ்கட் டின்னைவிட உபயோகமாக இருக்கும்.

பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குத் திலகாவை நாங்களே காரில் ஏற்றிக்கொண்டோம். படம் முடிந்ததும் யாழினியின் தலையைத் தடவிவிட்டு வந்தவர், முச்சந்திவரை வெளியே செம்பனையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிள்ளையை மாற்றப்போகிறாரா என்று கேட்டுவிடலாம் என நான் இரண்டு முறை கண்ணாடியில் பார்த்தேன். ரூபன் வேண்டாம் என்று கண் காட்டினான். பஸ் வருவது தெரிந்து இறங்கியவர், கதவைச் சாத்தாமல் குனிந்தார்.

"தம்பி, அந்தப் பொட்டி நீங்க இல்லாமலே ஓடும்தானே?"

"ஓடும்கா. ராத்திரி வயர மட்டும் புடுங்காம இருந்தா போதும்."

"அடுத்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். காலையில வீட்டுலதான் இருப்பேன்" என்றார். பஸ்ஸுக்குக் கை காட்டிவிட்டு மறுபடி எங்களைப் பார்த்தார். "டீச்சருக்கு போன் போட்டு சொல்லிடுங்க, யாழினி வகுப்புல பின்னால எனக்கு ஒரு நாக்காலி போட்டு வெக்கச் சொல்லி."