பெரிய தோட்டா

நேற்றுத் தேநீர் இடைவேளையில் கூட வேலை செய்கிறவன் ஒருவன், எல்க் மான் வேட்டைக்கு அமெரிக்கா போகிறானாம், எந்தத் தோட்டா நல்லது என்று கேட்டான். என்னிடம்! குடித்த பிளேன்ரீ புரையேறிவிட்டது. துவக்கைப் பற்றி வாய்காட்டி ஏற்கெனவே ஒருமுறை பட்டவன் நான்.

மெல்பேர்ணுக்கு வந்த புதிதில் ஸ்பிரிங்வேலில் ஜூட் அண்ணையோடு ஒரே வீட்டில் இருந்தேன். மன்னார்க்காரர், வெல்டர். லைசென்ஸ் எடுத்து, மலைக்காட்டில் மரைமான் சுடப் போவார். மரையும் லேசுப்பட்டதல்ல, எருமை மாதிரி நிற்கும். புதுத் துவக்கு வாங்கப் போனபோது கடைக்காரன் இரண்டு தோட்டாக்களை எடுத்து மேசையில் நிறுத்தினான். ஒன்று முந்நூற்றெட்டு, சின்னது. மற்றது முந்நூறு மேக்னம், என் நடுவிரல் நீளம்.

“சின்னன் காணுமடா. பெரிசு தோளைப் பேர்த்துப்போடும்,” என்றார் அண்ணை.

“பெரிசை எடுங்கோ அண்ணை. ஒரே வெடியில விழும், வதைபடாது.” பெரிய விண்ணன் நான்! அவரும் கேட்டுத் தொலைத்தார்.

காட்டில் ஓடைக்கு அப்பால் மரை நின்றது. எனக்கு ஒரேயொரு வேலை, வெடி வைத்ததும் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது. அண்ணை துவக்கின் உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும்போதே தோளைச் சுருக்கினார். வெடித்தது. நானோ குப்புற விழுந்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி கிடந்தேன். ஷெல்லடிக்குள் வளர்ந்த உடம்பு, என்னைக் கேட்டா விழுகிறது?

“எங்கால போச்சுது?”

“பாக்கேல்லை அண்ணை.”

புல்லில் இரத்தம். இருட்டுவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது கிடந்து சாகும். முட்பற்றைக்குள் தவழ்ந்தோம். அண்ணை செபம் முணுமுணுத்துக்கொண்டே போனார். பாறைமேட்டோடு இரத்தத்தடம் நின்றுவிட்டது. ஐயோ, என் வாயால் வந்த வினை!

மரை கிடைக்கவேயில்லை.

அடுத்த சனிக்கிழமை அண்ணை துவக்கில்லாமல், அதைத் தேடித் திரும்பவும் காட்டுக்குப் புறப்பட்டார். “நானும் வாறன்,” என்றேன்.

“வேண்டாம், நீ சாப்பிட்டுப் படு. போட்டு வாறன்.”

துவக்கையும் விற்றுவிட்டார். பிறகு சிட்னிக்கு, லிட்கமிலிருந்த மகளிடம் போய், போன வருடம் அங்கேயே காலமானார். அந்த மரையைப் பற்றி என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். இனி ஏச ஆளில்லை.