தாமரை கையை நீட்டிய இயந்திரம்

எங்கள் கம்பெனியில் தாமரையைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. தப்பித்தவறிப் பேச்சு வந்தால், "பாவம் லா, அவளா போய் கையை விட்டுக்கிட்டா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளா போய்க் கையை விட்டாளாம். நல்லா இருங்கடா.

ஆபீஸ் கிள்ளானில், டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் புரோகிராம் எழுதி விற்பதுதான் எங்கள் தொழில். நான் அங்கே வாடிக்கையாளர்களின் போனை எடுத்து, திட்டு வாங்கி, ஆளை அனுப்புகிறவள். முதலாளி இராமலிங்கம். "நம்ம பிள்ளைங்களுக்கு நாமதான் வேலை குடுக்கணும்" என்று மேடை கிடைத்தால் போதும், வாய் கிழியப் பேசுவார். பேச்சில் பொய் இல்லை, ஆபீஸில் இருப்பவர்கள் எல்லோரும் நம்ம தமிழ்ப் பிள்ளைகள்தான். வேலை கொடுத்த மனுஷன் என்பதாலேயே அவர் எதிரில் யாரும் மூச்சு விடுவதில்லை. தாமரை ஒருத்திதான் விடுவாள்.

அவள் கம்போங் மேடான் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை. அப்பா பக்கிரிசாமி பலகைப் பட்டறையில் வேலை பார்த்தவர். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம், மற்றவை ரம்பத்தோடு போயின. பள்ளிக்கூடம் கிளம்பும்முன் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுத்தான் இவள் போவாளாம். பாலிடெக்னிக்கில் சி என்கிற புரோகிராம் மொழி படித்தாள், எங்களிடம் வந்து சேர்ந்தாள். இயந்திரத்தை நிறுத்தும் பகுதியை மட்டும் வேறு யாரையும் தொட விடமாட்டாள். முதலாளி அதைப் பிடிவாதம் என்பார். எனக்குக் காரணம் தெரியும் என்பதால் நான் சிரிக்கமாட்டேன்.

அவள் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நடந்த அநியாயம் புரியாது. எல்லா இயந்திரத்துக்கும் எங்கள் தலைமைப் புரோகிராம் ஒன்றேதான். ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் தனியாக ஒரு நூலகக் கோப்பு உண்டு, அதை ஓட்டும், நிறுத்தும் செயல்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். புரோகிராம் ஓடத் தொடங்கியபிறகு, எதிரில் என்ன இயந்திரம் இருக்கிறது என்று பார்த்து, அதற்குரிய கோப்பைத் திறந்து உள்ளே ஏற்றிக்கொள்ளும். "நிறுத்து" என்று பெயர் சொல்லிக் கேட்டால் அந்தச் செயல் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துக்கொடுக்கும். புது இயந்திரம் வந்தால் முழுப் புரோகிராமையும் மாற்றி எழுதத் தேவையில்லை, ஒரு கோப்பைக் கொண்டுபோய் வைத்தால் முடிந்தது. முதலாளி பெரிய கார் வாங்கியது இந்த ஏற்பாட்டால்தான்.

அப்படிக் கோப்பைத் திறக்கும் கட்டளையோடு ஒரு சொல் சேர்க்க வேண்டும். இரண்டு சொற்களில் ஒன்று. 'நவ்', அதாவது இப்போதே, என்று போட்டால், உள்ளே தேவைப்படும் எல்லாச் செயல்களும் இருக்கின்றனவா என்று திறக்கும்போதே பார்க்கும். ஒன்று குறைந்தாலும் திறக்காது, இயந்திரமும் ஓடாது. 'லேஸி', அதாவது சோம்பேறி, என்று போட்டால் இப்போதைக்குத் திறந்துவிடும், ஒரு செயல் வேண்டும் என்கிற நேரத்தில்தான் அதைத் தேடும். அந்த நேரத்தில் கிடைக்கவில்லையென்றால் புரோகிராம் அங்கேயே செத்துவிடும். தாமரை எப்போதும் நவ்தான் போடுவாள். நம்ம ஊரில் எதற்கெடுத்தாலும் 'ஜாலான் டுலு' என்போமே, முதலில் ஓடட்டும், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்று, அந்தப் புத்திக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது.

மேருவில் பிளாஸ்டிக் பை செய்யும் தொழிற்சாலை ஒன்று எங்கள் வாடிக்கை. அங்கே பிளாஸ்டிக் தாள் இரண்டு உருளைகளுக்கு நடுவில் ஓடும். உருளைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிக்கதிர் உண்டு. கை அதைத் தாண்டினால் எங்கள் புரோகிராம் பிரேக்கைப் போட வேண்டும். முதல் இயந்திரம் வைத்தபோது எங்கள் ஆள் துடைப்பக் குச்சியை நீட்டி, நிற்கிறது பாருங்கள் என்று காட்டினான். அங்கே இயந்திரம் ஓட்டுகிற இராஜம்மா அக்கா, ஜெஞ்சாரோமிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், வெற்றிலைச் சிரிப்போடு, "குச்சிக்கு வலிக்காது லா, தம்பி" என்றாராம்.

தாமரை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய், ஓடுகிற தாளின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். தாள் கையை உருளைப் பக்கம் இழுத்துப்போனது, கதிரைத் தொட்டதும் இயந்திரம் நின்றது. அன்றைக்குத்தான் இராஜம்மா அக்காவும் அங்கே வேலை செய்யும் நேப்பாளப் பையன்களும் பயம் தெளிந்து அந்த இயந்திரத்தைத் தொட்டார்கள். அதிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் அவளுக்கு இதே வழக்கம். வேலை செய்கிறவர்களின் கைக்கு முன்னால் அவள் கை.

விஷயம் தெரிந்ததும் பைத்தியமா உனக்கு என்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"தொறந்துச்சுன்னா எல்லாம் உள்ள இருக்குன்னு அர்த்தம்க்கா. ஒண்ணு இல்லன்னாலும் அது தொறக்கவே தொறக்காது. அப்படித்தானே எழுதி வெச்சிருக்கேன்."

போன வருஷம் அதே தொழிற்சாலைக்கு இன்னும் பெரிய இயந்திரம் வந்தது. அதில் பிரேக்கை இயக்கப் புதுவகை மின்னணு அட்டை. அந்த அட்டைக்கான புதிய நூலகக் கோப்பை அட்டை விற்றவர்கள் அனுப்ப வேண்டும். தாமரையின் மடிக்கணினியில் மாதிரிக் கோப்போடு எல்லாம் ஒழுங்காக ஓடிற்று. தொழிற்சாலைக்கு வரவேண்டிய கோப்புதான் வந்துசேரவில்லை. அங்கே இருந்தது பழையது, அதில் புது பிரேக்கைப் போடும் செயலே கிடையாது. அதனால் புரோகிராம் கோப்பைத் திறக்க மறுத்தது. சொன்ன வேலையை அது சரியாகச் செய்தது.

ஆனால் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனுஷர் யாரோ வருகிறாராம், பந்தல்கூடப் போட்டாயிற்றாம். தாமரை முதலாளியின் அறைக்குப் போய், கோப்பு வரும்வரை இயந்திரம் ஓடக் கூடாது என்றாள். கதவு மூடியிருந்தும் அவர் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நம்ம ஆள் பேரைக் கெடுக்கவே வந்து வாய்த்தாயா என்று கேட்டார். அவள் அசையவில்லை. வெளியே வந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போனதும் முதலாளி தனேஷைக் கூப்பிட்டார். தனேஷ் அவளிடம் தொழில் கற்றவன், புதிதாகக் கல்யாணம் ஆனவன். அவன் சாயங்காலமே மேருவுக்குப் போய், நவ் இருந்த இடத்தில் லேஸி என்று மாற்றினான். இயந்திரம் ஜம்மென்று ஓடியது. கையைக் கதிருக்குள் விட்டுப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை, குச்சியைக்கூட விடவில்லை. தாமரையிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டானாம். "வேணாம், காலையிலயே வந்து ஆட்டம் போடுவா. நான் சொல்லிக்கிறேன்" என்றாராம் முதலாளி. அவர் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றார் பிறகு. டத்தோவுக்கு மாலை வாங்க மட்டும் மறக்கவில்லை.

மறுநாள் காலை தாமரை, கோப்பு வந்ததா என்று பார்க்க நேராக மேருவுக்குப் போனாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தனேஷை முதலாளி வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார். தாமரை சூப்பர்வைசரிடம் விசாரித்திருக்கிறாள். நேற்றே உங்கள் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போய்விட்டாரே என்றார் அவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தாமரை கோப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். வேறு எப்படி நினைப்பாள்? அது வராமல் அந்தப் புரோகிராம் ஓடியிருக்கவே முடியாது. அவள் கையால் எழுதியது அல்லவா.

இராஜம்மா அக்கா புது இயந்திரத்தைப் பார்த்துத் தயங்கித் தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தாமரை தாளின் மேல் வலது கையை வைத்தாள்.

கை கதிரைத் தாண்டியது. புரோகிராம் பிரேக்கைத் தேடியது, கிடைக்கவில்லை, செத்தது. மோட்டாருக்குக் கடைசியாகச் சொல்லியிருந்தது ஓடு என்பதுதான். அது ஓடிக்கொண்டே இருந்தது. தாள் அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டதால் கையைப் பிடுங்க முடியவில்லை. இராஜம்மா அக்காதான் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அறைந்தார். அதற்குள் கை உருளைகளுக்கு நடுவில் போய் நசுங்கியிருந்தது.

விசாரணைக்குத் தொழிற்பாதுகாப்பு அதிகாரி வந்தார். மற்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், தனேஷ் உட்பட. நான் மட்டும் அந்தச் சொல் மாற்றப்பட்டதைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு முதலாளியைக் கேட்டார். முதலாளி பதறவே இல்லை. இரண்டு சொல்லும் மொழியில் அனுமதிக்கப்பட்டவைதான், உலகம் முழுக்க எல்லோரும் லேஸி போடுகிறார்கள், ஓடுகிற இயந்திரத்தில் கையை விடு என்று எந்தக் கையேட்டில் எழுதியிருக்கிறது என்று கேட்டார். கேட்டதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பொறியாளரின் கவனக்குறைவு என்று அறிக்கை வந்தது. தீபாவளிக்கு அப்புறம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நம்ம பிள்ளைகளை வாழவைக்கிறவராம்.

போன வாரம் அவளைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பக்கிரிசாமி மாமா மகளின் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு விரலுக்கும் அது அகப்படவில்லை, அவளுக்கு இடது கை இன்னும் பழகவில்லை. நான்தான் போட்டுவிட்டேன்.

கார் வரக் காத்திருக்கும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தனேஷைப் பற்றி இல்லை, முதலாளியைப் பற்றியும் இல்லை.

"இப்ப என்னக்கா போட்டிருக்காங்க? நவ்வா, லேஸியா?"

பூசி மெழுக எனக்கு வரவில்லை. எல்லா இயந்திரத்திலும் லேஸிதான், இனிமேல் எதுவும் ஓடாமல் நிற்கக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டுவிட்டார் என்றேன். அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"அப்ப இராஜம்மா அக்காகிட்ட சொல்லிடுங்க. நான் கையை வெச்சுக் காட்டினதை நம்ப வேணாம்னு."

மறுநாளே மேருவுக்குப் போன் போட்டு இராஜம்மா அக்காவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது யார் கையை வைத்துக் காட்டுகிறார்கள் என்று கேட்டேன். தனேஷ் வருகிறானாம், குச்சியை நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறானாம்.