ஜக்கம்மாள் வீட்டு வாசலில் நின்ற பஸ்

திண்டுக்கல் மலை மலையே இல்லை. முன்னொரு காலத்தில் வடக்கேயிருந்து தெற்கே நடந்துபோன ஓர் அரக்கன், களைப்பாறத் தலைக்கு வைத்துக்கொண்ட திண்டு அது. ஒரு பகல் முழுக்கத் தூங்கினான், எழுந்தான், திண்டை மறந்துவிட்டுப் போய்விட்டான். அவன் விட்ட குறட்டையில்தான் சிறுமலை மேகமெல்லாம் சிதறி இந்தப் பக்கம் மழை குறைந்துபோனது. நம்பாதவர்கள் மேகத்தைப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். அன்றிலிருந்து ஊருக்கு அதே ராசி. வருகிறவர்கள் செத்த நேரம் தலை சாய்ப்பார்கள், போய்விடுவார்கள்.

மலையடிவாரத்தில் பழனி ரோட்டோரம் குடியிருந்த ஜக்கம்மாளுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் புருஷன் தங்கமுத்து மதுரைக்கும் பழனிக்கும் ஓடிய பஸ்ஸின் டிரைவர். உச்சி வெயிலில் வீட்டைத் தாண்டும்போது அவன் ஆரனை அமுக்கினால், மலைமேல் இருக்கும் காக்கைகள் பறந்துபோய் நத்தம் மாந்தோப்பில்தான் இறங்கும். ஜக்கம்மாள் மோர்ச் செம்போடு ஓடிவருவாள். அவன் பஸ்ஸை நிறுத்த மாட்டான். உருளவிட்டபடியே ஒரு கையை வெளியே நீட்டிச் செம்பை வாங்குவான், அண்ணாந்து குடிப்பான், கூடவே ஓடிவருகிறவளிடம் காலிச் செம்பைக் கொடுப்பான். அதைப் பார்க்கவே ஜன்னலோரம் இடம் பிடித்த பிரயாணிகள் உண்டு.

ஐம்பத்தாறாம் வருஷம் ஒரு காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. கூட வேலை பார்த்த டிரைவர்கள் கொஞ்ச நாள் மரியாதைக்கு அந்த இடத்தில் ஆரன் அடித்தார்கள். பிறகு புது ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு அது ரோட்டோரத்து வீடுகளில் ஒரு வீடு, அவ்வளவுதான்.

ஜக்கம்மாளுக்குப் புத்தி தெளிந்துவிட்டது; கைக்குத்தான் தெளியவில்லை. அரிசியில் கையை விட்டால் அது இரண்டு பேருக்குத்தான் அள்ளும். மிச்சத்தைத் தின்று தின்று எதிர்த்த வீட்டுக் கமர்ஜஹானின் ஆடு பெருத்துப்போய், கதவைத் தாண்டி உள்ளே போக முடியாமல் வாசலிலேயே குடியிருந்தது.

"யக்கா, ஒண்ணு கையக் கொறை, இல்ல வீட்டுல ஆளைக் கூட்டு. எங்க ஆட்டை இனிமே கசாப்புக்காரரும் தூக்க மாட்டாரு" என்பாள் கமர்ஜஹான்.

"ஆளுக்கு எங்கடி போறது? மலைகிட்டப் பேசிப் பாத்தேன், அது எறங்கி வர மாட்டேங்குது."

சிரிப்பார்கள். கமர்ஜஹான் தன் வீட்டுக்குப் போனதும் ஜக்கம்மாள் வீட்டில் அம்மிக்கல்லுக்கும் பல்லிக்கும்தான் பேச்சு வார்த்தை.

ஐம்பத்தெட்டில் மதுரையிலிருந்து கண்ணுசாமி என்கிற ஆள் வந்தான். பூக்கடைக்காரர்கள் மாதாமாதம் கார்த்திகைக்குப் பஸ் அமர்த்திப் பழனிக்குப் போவார்கள், ஏற்பாடெல்லாம் இவன். போகும்போது விரதம், பச்சைத் தண்ணீரோடு சரி. திரும்பும்போது பசியில் பஸ்ஸே அழுகிறது, வழியில் ஓர் இடத்தில் நிறுத்து என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். செம்பட்டியா, வத்தலக்குண்டா, திண்டுக்கல்லா? "எறங்கிப் பாக்க ஒரு ஊருக்கு யோக்கியத வேணாமா?" என்று கிளம்பி வந்தவன், மலையேறிப் பார்த்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து இறங்கி, ஜக்கம்மாள் வாசலில் தண்ணீர் கேட்டான். அவள் மோரைக் கொடுத்தாள்.

"ஏங்க்கா, மேல கோயில் இருக்கு, உள்ள சாமியக் காணோமே?"

"அது கீழ ஊருக்குள்ள எறங்கி வந்து ரொம்பக் காலமாச்சு தம்பி. மேல ஒத்தையில இருக்க அதுக்கும் முடியல போல."

"கோட்டை இருக்கு, ராசா இல்ல. கோயில் இருக்கு, சாமி இல்ல. எங்க ஆளுக எதைப் பாக்க இங்க எறங்குவாக?"

"அதை அப்புறம் ரோசிக்கலாம். சாப்டியா அப்பு?"

அன்றைக்கும் கை இரண்டு பேருக்கு அள்ளியிருந்தது. கத்தரிக்காய் வெஞ்சனம், மிளகு ரசம், கடைசியில் சிறுமலைப் பழம். கண்ணுசாமி இடுப்பு பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு துளை. துளை தீர்ந்துபோனதும் பெல்ட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னான்:

"சாமி இல்லாட்டிப் போகுது. இந்த ஊர்ல எறங்கலாம். வர்ற கார்த்திகைக்கு எங்க பஸ்ஸு ஒங்க வாசல்ல நிக்கும். அரிசி பருப்பு நாங்க அனுப்பிருவோம். சம்மதமாக்கா?"

"ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. எல்லாரும் வீட்டுக்குள்ள வந்து உக்காந்து சாப்புடணும்."

"பின்ன, ரோட்டுலயா சாப்புடுவோம்?"

வீட்டுக்குள் மனுசக் குரல் கேட்கப்போகிறது. ஜக்கம்மாள் சுவருக்கு வெள்ளையடித்தாள். தங்கமுத்து உட்காரும் மூலையில் அடுக்கியிருந்த விறகை எடுத்துவிட்டுக் கோரைப்பாய் விரித்தாள். கமர்ஜஹான் தன் வீட்டுப் பிரியாணி அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்த தேய்ப்பில், அது பாதி எடை குறைந்து தூக்க லேசாகிவிட்டது.

"எந்த அண்டான்னு யாராச்சும் கேட்டா வாயத் தொறந்துறாதக்கா."

"கேட்டா, எங்க வீட்டுக்காரரு சீதனமா வாங்குனதுன்னு சொல்றேன்."

கார்த்திகையன்று வெயில் சாய்கிற நேரம் பஸ் வந்தது. உள்ளே மொட்டைத் தலையும் சந்தனமும் பஞ்சாமிர்த டப்பாவுமாக ஒரு கூட்டம். பிள்ளைகள் பசியில் சிணுங்கின. ஜக்கம்மாள் வாசல்படியில் நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

"வாங்க, எல்லாரும் வாங்க. ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க."

முதலில் இறங்கியவள் ஒச்சம்மாள், கூட்டத்திலேயே மூத்தவள். படிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"ஏலே கண்ணுசாமி, இது வீடுல்ல?"

"ஆமாத்தா. சாப்பாடு வீட்டுலதான்."

"அட கூறுகெட்டவனே! பழனியாண்டவனைக் கும்புட்டுட்டு நேரா நம்ம வீட்டுப் படியத்தானே மிதிக்கணும்? நடுவுல அடுத்த வீட்டுப் படியத் தாண்டுனா, போன புண்ணியம் அந்த வீட்டோட நின்னுரும்னு தெரியாது ஒனக்கு?"

கண்ணுசாமி தலையில் அடித்துக்கொண்டான். தெரியாத வழக்கமா? ஆனால் அன்று பழம் தின்ற ருசியில் ஞாபகம் வரவில்லை. ஜக்கம்மாளுக்கும் தெரியும். அவளே எத்தனை தடவை பழனியிலிருந்து திரும்பி, யார் வீட்டிலும் நுழையாமல் நேரே வந்திருக்கிறாள்! ஆள் வருகிற சந்தோஷத்தில் அது மறந்துபோனது.

கண்ணுசாமி அவளை ஓரமாகக் கூப்பிட்டான்.

"யக்கா, கிளப்புக் கடை, சாப்பாட்டுக் கடைன்னா பரவாயில்ல, கடையில நொழையலாம், தப்பில்ல. 'இது வீடு இல்ல, கடைதான்'னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. எல்லாரும் உள்ள வந்துருவாக. மாசாமாசம் வருவோம்."

ஒரே வார்த்தை. உள்ளே பாய் விரித்துக் கிடந்தது. குழந்தைகள் கழுத்தை நீட்டி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஜக்கம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடியாது தம்பி. எங்க வீட்டுக்காரரு கடைசியா ஆசுபத்திரி வண்டியில ஏறயில, 'வீட்டைப் பாத்துக்க'ன்னுதான் சொன்னாரு. கடையப் பாத்துக்கன்னு சொல்லல."

எதிர்த்த வாசலில் ஆடு ஒரு முறை கத்தியது. ஜக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"புள்ளைக பசியில நிக்குதுக. ஏ கமரு, வாடி, ஒரு கை பிடி."

அண்டா வெளியே வந்தது. ரோட்டோரப் புளியமரத்தடியில் வரிசையாக இலை விழுந்தது. மலை நிழல் நீண்டு வந்து எல்லார் இலையிலும் உட்கார்ந்துகொண்டது. அதற்கும் ஜக்கம்மாள் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள் என்று பிற்பாடு கமர்ஜஹான் சத்தியம் செய்வாள். ஒச்சம்மாள் மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, "நல்ல ஊருதான். எறங்கலாம்" என்றாள். கிளம்பும்போது ஜக்கம்மாளின் கையைப் பிடித்து, "தப்பா நெனைக்காத தாயி. போறப்பன்னா ஒன் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டுப் போவேன். வர்றப்பத்தான் ஆகாது" என்று சொல்லிப் போனாள்.

சொன்னபடியே மறு மாதம் காலையில் பஸ் நின்றது. ஒச்சம்மாள் தலைமையில் எல்லாரும் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். வீடு கொள்ளாத பேச்சு. ஆனால் விரதம், ஒரு வாய்க்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். வாசல்படிப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

அறுபதுகள் முழுக்க அப்படித்தான் நடந்தது. வீட்டுக்குள் வருகிறவர்கள் சாப்பிட மாட்டார்கள். சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்குள் வர மாட்டார்கள். இரண்டும் ஒரே ஆட்கள்தான்.

"ஒனக்குன்னு வந்து வாய்ச்ச விருந்தாளிகளைப் பாருக்கா" என்று கமர்ஜஹான் சிரிப்பாள். ஜக்கம்மாளும் சிரிப்பாள்.

கார்த்திகையன்று காலையில் அவர்கள் எழுந்து போன பிறகு ஜக்கம்மாள் பாயைச் சுருட்ட மாட்டாள். உட்கார்ந்த இடமெல்லாம் அழுந்தியிருக்கும். உச்சி வெயில் ஏறி, பஸ்கள் ஒவ்வொன்றாக ஆரன் அடிக்காமல் கடந்து போகும். அவள் பாயின் ஓரத்தில், ஒருவர் இடத்தையும் மிதிக்காமல் உட்கார்ந்து, இரண்டு பேர் சோற்றில் தன் பங்கைச் சாப்பிடுவாள்.