கிள்ளான் சுவரில் ஒரு சங்கிலிக் கொம்பு

சனிக்கிழமை, காலை 9.20. திருச்சியிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரம், விமான நிலையத்திலிருந்து பேருந்தில் இன்னும் ஒரு மணி நேரம். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தேன். பத்து நிமிட நடைதான். கோலாலம்பூர் வரும் நம் ஆட்கள் இரட்டைக் கோபுரத்தைப் பார்ப்பார்கள், பத்துமலையில் படியேறுவார்கள். நான் சுவர் பார்க்க வந்தவன். திருச்சியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் ஊராகப் போய், சுவரில் வரைந்திருப்பதையும் எழுதியிருப்பதையும் படம் பிடித்து வருவது இப்போதைய வேலை. எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் மனைவி இதை வியாதி என்கிறாள், நான் தொழில் என்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை, துணிக்கடை, பலகாரக் கடை எல்லாவற்றுக்கும் நடுவே சுவர்கள் பளிச்சென்று இருந்தன. ஒரு கடையின் பக்கவாட்டில் மூன்று மாடி உயரத்துக்கு மயில். இன்னொன்றில் நாதஸ்வரம் வாசிப்பவரின் உப்பிய கன்னம் மட்டும் பத்தடி இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் நாலு பெயர்ப் பலகைகளில் ஏழு பிழை கண்டுபிடித்துவிட்டேன். வந்த காரியம் நன்றாகவே தொடங்கியிருப்பதாகத் தோன்றியது.

பகல் 12.00. பாசார் செனி சந்தைக்குப் பக்கத்தில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இருக்கும் கலைக்கூடத்தில் நடந்த சுவரோவியக் கண்காட்சிக்குக் கிராப் வாடகைக் காரில் போனேன். எட்டு ரிங்கிட். "சுவர்ல வரையறத உள்ள வச்சு எப்படி அங்கிள் காட்டுவாங்க?" என்று கேட்டார் ஓட்டுநர். நியாயமான கேள்விதான். சுவரைத் தூக்கி வர முடியாதல்லவா? சுவரின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சிட்டு மாட்டி, அதன் பக்கத்தில் ஓவியர் முதலில் கிறுக்கிப் பார்த்த தாள்களையும் காய்ந்த பெயின்ட் டப்பாக்களையும் வைத்திருந்தார்கள். கோலாலம்பூர், காஜாங், பந்திங் என்று ஊர்வாரியாகச் சுவர்கள். வாசலுக்கு நேரே ஒரு பெரிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

அந்தக் காலி இடத்தைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நகமெல்லாம் மஞ்சள் பெயின்ட். பெயர் சரளா, கிள்ளான்காரி. நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எட்டு வருசமா மத்தவங்க சுவருக்குக் கலர் அடிக்கிறேன் அங்கிள். வானம் நான் அடிப்பேன், கட்டடம் நான் அடிப்பேன், கீழ பேரு அவங்க போட்டுக்குவாங்க. இப்பதான் சொந்தமா ஒரு சுவர் கெடச்சிருக்கு. நாளைக்கு நாலு மணிக்குக் கேலரி மேடம் வந்து பாக்கறாங்க. புடிச்சிருந்தா இந்த எடம் எனக்கு. இல்லன்னா மறுபடியும் வானம் அடிக்கப் போக வேண்டியதுதான்."

"என்ன வரைந்திருக்கிறாய்?" என்றேன்.

"நேர்ல வந்து பாருங்க. தமிழ் எழுத்து இருக்கு. தமிழ்நாட்டுக்காரங்க ஒருத்தர் பாத்துச் சொன்னா எனக்கு தைரியமா இருக்கும்லா."

கரும்பு தின்னக் கூலியா? வருகிறேன் என்றேன்.

ஞாயிறு, காலை 8.15. கே.எல். சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயில். கிள்ளான் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ரயில் நின்று நிதானித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. குளிரூட்டிய பெட்டியில் பல் தந்தியடித்தது. நிலையத்திலிருந்து கிள்ளானின் லிட்டில் இந்தியா நடை தூரம். சரளா அடையாளம் சொன்ன முனைக் கடையில் பரோட்டா மாதிரி ரொட்டி சானாயும், இரண்டு குவளைக்கு நடுவே முழ நீளம் இழுத்து ஆற்றிய தே தாரிக் தேநீரும் சாப்பிட்டுவிட்டு அதே கடையின் பக்கச் சந்துக்குள் திரும்பினேன்.

சரளா தூரிகையோடு நின்றிருந்தாள், பின்னால் அவள் சுவர். இருபதடி அகலம். நீளமான ஒரு மேசை. முகமே இல்லை, கைகள் மட்டும்: கிரீஸ் படிந்த கை, மருதாணிக் கை, பெருவிரலில் கட்டுப் போட்ட கை, ரொட்டியைப் பிய்க்கும் கை. மேசைக்கு மேலே மஞ்சளில், ஆள் உயர எழுத்தில் ஒரே ஒரு சொல்: பசியாறை. 'றை'யில் றவுக்கு முன்னால் வரும் அந்த ஐகாரச் சங்கிலிக் கொம்பு, கீழே இருந்த தேநீர்க் குவளையிலிருந்து ஆவியாகக் கிளம்பிச் சுழன்று சுழன்று எழுத்தாக மாறியிருந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் என் கண் அழகைப் பார்க்கவா பழகியது?

"பிழை இருக்கிறதே, அம்மா," என்றேன்.

சரளாவின் கையில் இருந்த தூரிகை நின்றது. "எங்க அங்கிள்?"

"பசியாற என்றுதான் வர வேண்டும். ஐகாரம் எங்கிருந்து வந்தது? பசியாறை என்று தமிழில் ஒரு சொல்லே கிடையாது."

"நாங்க அப்படித்தான் சொல்வோம்..."

"சொல்வது வேறு, சுவரில் எழுதுவது வேறு. ஊரே பார்க்கும்."

அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க தமிழ்நாட்டுக்காரங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். பிறகு ரோலரை வெள்ளையில் தோய்த்து ஏணியில் ஏறி, அந்த ஆவியை மேலிருந்து கீழே நாலே இழுப்பில் அழித்தாள். குவளை ஆறிப் போன மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் ஒரு நொடி என்னவோ செய்தது, உண்மையை மறைப்பானேன்? ஆனாலும் பிழை போயிற்றே என்ற திருப்தியில் கடைவீதியைச் சுற்றப் போனேன்.

பகல் 1.30. திரும்பி வந்தபோது சுவருக்கு முன்னால் சின்னக் கூட்டம். பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து ஆலைக்கு எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரி ஓட்டுநர் ஒருவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சத்தம் போட்டார்.

"என்னா சரளா, காலையில போறப்ப பசியாறை இருந்துச்சு, இப்பக் காணோம்?"

"அது தப்பாம்ண்ணே. இப்ப இருக்கறதுதான் சரியாம்."

"என்னா சரி? பசியாற... பசியாற என்னா? பசியாற வாவா, பசியாறப் போவா? பாதியில நிக்கிது. யாரு சொன்னா?"

சரளா என்னைக் காட்டிக்கொடுக்காமல் தூரிகையைத் துடைத்தாள். நானே "நான்தான்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. தோளைத் தொட்டுத் திருப்பி, கடைக்குள் சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார். 'காலைப் பசியாறை 7 முதல் 11 வரை.' காலையில் அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் ரொட்டி சானாய் சாப்பிட்டிருக்கிறேன். ஊரெல்லாம் பிழை தேடிய கண், தலைக்கு மேலே இருந்ததைப் பார்க்கவில்லை.

"எங்க தாத்தா காலத்துல இருந்து இதான் சொல்றோம் பாஸ். ஸ்கூல்ல, பேப்பர்ல, எல்லாத்துலயும் இதான்."

சரளா அப்போதுதான் மெதுவாகக் கேட்டாள். "உங்க ஊர்ல காலையில சாப்பிடறத என்னா சொல்வீங்க அங்கிள்?"

"டிபன்," என்றேன்.

"அது தமிழா?"

லோரிக்காரர் சிரித்த சிரிப்பில் கடைக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உடு, உடை. கொடு, கொடை. விடு, விடை. ஆறு, ஆறை என்று வந்தால் எந்த இலக்கணம் இடிந்து விழும்? வினையின் வாலில் ஓர் ஐகாரத்தை முடிந்து பெயராக்குவது நம் மொழியின் பழைய வித்தை. அதை மூன்று தலைமுறையாக இவர்கள் தினம் காலையில் செய்துகொண்டிருக்கிறார்கள். நான் வந்த அன்றைக்கே அதை அழிக்க வைத்துவிட்டேன்.

"தப்பு என்னுடையது, சரளா. திரும்ப எழுதிவிடு," என்றேன்.

"மஞ்சள் தெரிஞ்சுதுன்னு இப்பதான் இன்னொரு தடவ வெள்ளை அடிச்சேன், காயல. மேல மஞ்சள் வச்சா ஒழுகும். நாலு மணிக்கு மேடம் வந்துடுவாங்க." அவள் ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். எட்டு வருடம் காத்திருந்தவள்.

கடைக்காரரிடம் மேசை விசிறியையும் நீள வயரையும் கேட்டு வாங்கினேன். ஏணியின் ஆறாவது படியில் ஏறி, விசிறியைச் சுவரை நோக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே லோரிக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "விழுந்துடாதீங்க அங்கிள், அப்புறம் அதுக்கும் எங்களத்தான் சொல்வாங்க," என்றார். தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. முக்கால் மணி நேரம் பிடித்தேன்.

மூன்று மணிக்கு சரளா ஏறினாள். பழைய மஞ்சள் தீர்ந்துவிட்டது. புதிதாகக் கலந்ததில் சிவப்பு ஒரு துளி கூடிவிட்டது. குவளையிலிருந்து ஆவி மறுபடியும் கிளம்பியது, சுழன்றது, றவுக்கு முன்னால் போய்க் கொம்பாக நின்றது. மற்ற எழுத்தைவிட அது ஒரு பிடி சூடாகத் தெரிந்தது.

மாலை 4.05. கலைக்கூடத்து அம்மையார் வந்தார். சீனப் பெண்மணி, தமிழ் தெரியாது. ரொம்ப நேரம் கைகளையே பார்த்தார். "என்ன எழுதியிருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டதும் கடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். பிறகு ஆவியைக் காட்டி, "இது மட்டும் ஏன் வேறு நிறம்?" என்றார்.

சரளா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அதுவா மேடம்? அது இன்னும் சுடச்சுட இருக்குலா."

அம்மையார் சிரித்தார். வாசலுக்கு நேரே இருக்கும் இடத்தின் அளவைச் சொல்லி, சுவரைப் படம் எடுக்கத் தொடங்கினார்.

அவர் போன பிறகு சரளா கீழ் மூலையில் உட்கார்ந்து தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்து, "பாத்துச் சொல்லுங்க அங்கிள், பிழை இருக்கா?" என்றாள். கேலிதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செவ்வாய், காலை 7.30. திருச்சி. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் நான் வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டல் முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். வாசலில் புதிதாக ஒரு பலகை: 'சூடான டிபன் ரெடி'. நின்று இரண்டு முறை படித்தேன். ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை.

"என்ன சார், டிபன் சாப்பிடலையா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பசியாறைக்குத்தான் வந்தேன்," என்றேன்.