செவ்வாய்க்கிழமை டவுன் பஸ்

மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கரைக்கும்போது வருகிற வாசனையை நீங்கள் முகர்ந்திருக்கிறீர்களா? ஈரத் தகரத்தை நக்கினால் நாக்கில் ஒரு கசப்பு ஏறுமே, அது மூக்கில் ஏறும். திராட்சைக்கொடிக்கு நோய் வராமலிருக்க அந்த நீலக் கரைசலைத் தெளிப்பார்கள். காமயகவுண்டன்பட்டியில் தோட்டம் வைத்திருந்த என் அப்பாவின் வேட்டி, காதுமடல், நகக்கண் எல்லாவற்றிலும் அந்த நீலம் ஒட்டியிருக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. செவ்வாய்க்கிழமை மட்டும் அவர் வாசனை சோப்புப் போட்டுக் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, கம்பம் போகிற டவுன் பஸ்சைப் பிடிப்பார். "மருந்துக்கடைக்குப் போயிட்டு வாரேன்" என்பார். பூச்சி மருந்து வாங்கப் போகிற ஆளுக்கு வாசனை சோப்பு எதற்கு என்பது அம்மாவின் கேள்வி.

அம்மாவுக்குச் சந்தேகம் என்பது பசி, தூக்கம் மாதிரி தினப்படி வருவது. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார், சிரிக்காவிட்டால் நிறையவே கலந்திருக்கிறார். அந்தக் குணம் எனக்கும் வந்திருக்கிறது, மறைப்பானேன். எங்கள் வாழ்க்கையில் கலந்திருந்த மூன்று பேர் அடுத்தடுத்துச் செத்துப்போன இந்தச் சமயத்தில் அவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்களுடைய நல்ல குணங்கள் இல்லை. அவர்களைச் சுற்றி நாங்கள் வளர்த்த சந்தேகம்தான். போன வருடம் என் தாய்மாமன் போனார், இந்தத் தையில் அப்பா, ஆடியில் எங்கள் பகையாளி மொக்கைச்சாமி.

மொக்கைச்சாமி பிறவிப் பகையாளி இல்லை. எதிர்வீட்டுக்காரர், எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து வயலுக்காரர், நான் "பெரியப்பா" என்று கூப்பிட்டு வளர்ந்தவர். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஒரு வெள்ளாமையில் எங்கள் திராட்சைப் பந்தலே கெட்டுப்போனது. இலைகள் விசிறி மடித்ததுபோல் சுருங்கின, கொழுந்துகள் முறுக்கிக்கொண்டன, பூ பிடித்த கொத்தெல்லாம் உதிர்ந்தது. நெல்லில் களையை மட்டும் கருக்குகிற களைக்கொல்லி திராட்சை மேல் பட்டால் இப்படித்தான் ஆகும். பக்கத்து நெல் வயல் யாருடையது? மொக்கைச்சாமியுடையது. வரப்புத் தகராறு எப்போது நடந்தது? போன மாதம்தான். ஊருக்கு வேறென்ன வேண்டும்!

அப்பா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். மொக்கைச்சாமி ஓடிப்போய்ச் சூடம் வாங்கி வந்து நடுத்தெருவில் கொளுத்தி, "எங் கையால நடந்திருந்தா இந்தக் கை வெளங்காமப் போகட்டும்" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. அம்மா என் காதுக்குள், "பாத்தியா, கை நடுங்குது" என்றாள். சூடு பட்டால் நடுங்காதா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அன்றோடு 'பெரியப்பா' போய் 'அந்தாளு' வந்தது. அவர் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் ஊரில் பாதிப்பேர் போகாமல் நின்றுகொண்டார்கள்.

அதற்கு அடுத்த வருடம்தான் இந்தச் செவ்வாய்க்கிழமைகள் ஆரம்பித்தன. கம்பத்தில் அப்பாவுக்கு ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று அம்மா முடிவு கட்டினாள். திரும்பி வந்ததும் சட்டையை வாங்கி முகர்வாள். பூ வாசனை இல்லை, பவுடர் இல்லை, பீடி வாசனை மட்டும்தான் இருந்தது. அப்பாவுக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. "ஆத்தாடி, பீடி குடிக்கிறவளையில்ல புடிச்சிருக்காக!" என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பள்ளி லீவு விட்டதும் என்னை உளவுக்கு அனுப்பினாள். "ஏத்தா, ஒங்கய்யா கையைப் பிடிச்சுக்கிட்டே இரு. அவுக எங்கன போறாக, யாரைப் பாக்குறாகன்னு வந்து சொல்லணும்."

டவுன் பஸ்சில் அப்பா டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். கடைசி சீட்டில் பார்த்தால் மொக்கைச்சாமி! ஒருவரையொருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பத்தில் இறங்கியதும் அப்பா எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்து ஒரு துணிக்கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, எதிரே டீக்கடைக்குள் போனார். பன் தீர்ந்து, கையில் ஒட்டிய சர்க்கரையும் தீர்ந்த பிறகுதான் வெளியே வந்தார். கொஞ்சம் பொறுத்து அதே கடையிலிருந்து துண்டால் வாயைத் துடைத்தபடி மொக்கைச்சாமி வந்தார். பார்த்ததை அப்படியே சொன்னேன். அம்மாவுக்கு முகம் வெளிறிப்போனது. "அந்தாளு பின்னாலயே வாரானா? கொடியக் கருக்குனது பத்தாதுன்னு மனுசனையே கருக்கப் பாக்குறான்!" ஆனாலும் பொம்பளைச் சந்தேகத்தை விடவில்லை, அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

அப்படியே முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. தையில் அப்பா செத்தபோது மொக்கைச்சாமி கூப்பிடாமலே வந்து, கால்மாட்டில் உட்கார்ந்து, தூக்குகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. "செஞ்ச பாவம் கொண்டாந்து உக்கார வச்சிருக்கு" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அம்மா ஒப்பாரிக்கு நடுவில் என்னை இழுத்து, "அவன் மேல ஒரு கண்ணு வச்சுக்க" என்றாள். வைத்தேன். அந்தக் கிழவர் அப்பாவின் கால் நகத்திலிருந்த நீலத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்ததைத்தான் பார்த்தேன். அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது.

ஆடியில் அவரும் போனார். தேனியிலிருந்து வந்த நான், அம்மா தடுத்தும் கேட்காமல் எதிர்வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சீனியம்மாள் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்.

"ஒங்க மாமன் அனுமந்தன்பட்டியிலருந்து வந்து, மருந்தடிக்கிற மெஷினை ஒங்க வீட்டுல வாங்கிட்டுப் போவாருல்ல, தெரியுமா?" என்று கேட்டார். தெரியும். மாமனுக்கு அங்கே நெல் வயல். "கொடி கெட்ட வருசம் அதுல களைக்கொல்லி அடிச்சுட்டு, சரியாக் கழுவாம ஒரு கொடம் தண்ணிய மட்டும் ஊத்திக் கவுத்திக் குடுத்திட்டாரு. ஒங்கய்யா அதே டேங்குல துத்தத்தக் கரைச்சு அவுக கையாலயே அவுக கொடிக்கு அடிச்சிட்டாக. மறுவருசமும் ஒங்க மாமன் மெஷின வாங்கிட்டுப் போயித் திருப்பிக் குடுத்தப்ப ஒங்கய்யா மூடியத் தொறந்திருக்காக, களைக்கொல்லி வாடை குப்புன்னு அடிச்சிருக்கு. அன்னைக்கே எங்க கெணத்தடிக்கு வந்து இவுக காலப் புடிக்கக் குனிஞ்சாக."

"அப்பா ஏன் ஊர்ல சொல்லல?" என்றேன்.

"இவுகதேன் வேணாம்னாக. 'ஒம் பொண்டாட்டி தம்பிய நடுத்தெருவுல நிப்பாட்டுனா அவ சோறு திங்க மாட்டா, உசுர விட்டுருவா. நான் பகையாளியாவே இருந்துட்டுப் போறேன், நீ கம்பத்துல ஒரு டீ வாங்கிக் குடு போதும்'னாக. ரெண்டு ஆம்பளைகளும் சிரிச்சுக்கிட்டாக. எனக்குத்தேன் சிரிப்பு வரல. எம் புருசனை ஊரே களவாணி கணக்காப் பாத்துச்சு. அவரு போயிட்டாரு. கருமாதிக்குள்ள ஒங்காத்தா வாயால ஒரு சொல்லு வரணும், 'இந்த மனுசன் செய்யல'ன்னு. மாமனும் இல்ல, இனி யாருக்கு மறைக்கணும்?"

கேட்டது நியாயம்தான். ஆனால் அம்மாவிடம் தம்பியைப் பற்றி வாயைத் திறப்பது லேசான காரியமா? இரண்டு நாள் அதை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். மாமன், மெஷின், கிணற்றடி, டீக்கடை எல்லாவற்றையும். மாமன் பேச்சுக்கு எகிறுவாள் என்று நான் தயாராக நின்றால், அவள் வேறெதையோ கேட்டாள்.

"அப்ப கம்பத்துல பொம்பள இல்லையா?"

"இல்லம்மா. பீடி குடிச்சது மொக்கைச்சாமி பெரியப்பா."

வெங்காயத்தைக் கீழே போட்டாள். "கூறுகெட்ட மனுசன்" என்றாள். "எந் தம்பிய எங்கிட்டருந்து மறைக்கவா இந்தப் பாடு பட்டாரு? அவனுக்கு மெஷினை எடுத்துக் குடுத்தவளே நாந்தேன்டி. கொடி முறுக்குன அன்னைக்கே எனக்குத் திக்குன்னுச்சு. ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாமச் சந்தேகப்பட்டவ, அவனை மட்டும் படக்கூடாதுன்னு வாயப் பொத்திக்கிட்டேன். ஒத்த வார்த்த எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!" பிறகு அழுதாள். அப்பா செத்தன்றைக்கு அழுததைவிட அதிகமாக.

கருமாதியன்று அவளாகவே புடவை மாற்றிக்கொண்டு தெருவைத் தாண்டினாள். சூடம் அணைத்த அதே இடத்தில் நின்று, அவர்கள் வாசல் பந்தலுக்குள் இருந்தவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "எங்க கொடி கருகுனதுக்கு மொக்கைச்சாமி அண்ணன் காரணமில்ல. எந் தம்பி கழுவாமக் குடுத்த மெஷினு. எடுத்துக் குடுத்தது நானு. தெரிஞ்சுந்தேன் இம்புட்டு நாளும் பேசாம இருந்தேன்." சீனியம்மாள் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. வாசலுக்கு இறங்கி வந்து, "கேக்க வேண்டிய மனுசன் கேக்காமப் போயிட்டாரு. சரி, உள்ள வா. சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

இப்போது எங்கள் தோட்டத்தில் பந்தல் இல்லை. கல்தூண்கள் சில சாய்ந்து நிற்க, நடுவில் தென்னை வைத்திருக்கிறோம். மருந்து மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. டவுன் பஸ் வருகிறது, போகிறது. டிரைவருக்குப் பின்சீட்டிலும் கடைசி சீட்டிலும் யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது அம்மா பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். அப்பா கடைசியாகக் கம்பத்துக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையை, அவர் மேலிருந்த சந்தேகத்தை ஒரு நாள் நிரூபிப்பதற்காகவே துவைக்காமல் வைத்திருந்தாளாம். அதை முகத்தில் வைத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, காலருக்குள், கைக்குள், பைக்குள் எல்லாம் முகர்ந்து பார்த்தாள்.

"பீடி வாசம் போயிருச்சுடி" என்றாள்.